மழலை முதிர்ந்து மொழியாகும் வகை

பிறந்த குழந்தைக்குப் பேசத் தெரியாது. மூன்று வயதுக் குழந்தையைப் பேசாதிருக்கச் செய்ய நம்மால் இயலாது. இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ளவை முப்பத்தாறு மாதங்களே. அந்தக் குறுகிய காலத்திற்குள் குழந்தை கற்றுக்கொள்வது, மனிதன் தன் வாழ்நாளில் கற்கும் கல்வி அனைத்திலும் பெரியது. அக்கல்விக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பாடநூல் இல்லை, தேர்வும் இல்லை. இலக்கணம் கற்ற அறிஞர் ஒருவர் அயல்மொழி ஒன்றைப் பத்தாண்டுகள் முயன்று பயின்றும், அம்மொழிக்கு உரியவரைப்போல் ஒலிக்க மாட்டாது தடுமாறுகிறார். பால்மணம் மாறாத குழந்தையோ, வேற்றுமை உருபையும் வினைமுற்றையும் விளையாட்டுப்போல் கைக்கொண்டு விடுகிறது. இந்த அருஞ்செயல் எவ்வாறு நிகழ்கிறது, அதில் பெற்றோரின் பங்கு யாது என்பனவற்றை இன்று சிறிது நேரம் எண்ணிப் பார்ப்போம்.

குழந்தையின் பேச்சைக் கூர்ந்து நோக்குவது தமிழருக்குப் புதிய செய்தியன்று. குழலையும் யாழையும்விட மழலையை மேலாக வைத்துப் பாடினார் வள்ளுவர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை, குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துக்கொண்டது. அவற்றுள் ஒன்று தாலப்பருவம். தால் என்பது நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதனால் தாலாட்டு என்னும் பெயர் வந்தது என்பர். அதற்கும் நெடுங்காலம் முன்னரே தொல்காப்பியர், பிறப்பியல் என்னும் தனி இயல் ஒன்றில், உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளால் வெவ்வேறு எழுத்தொலிகளாக மாறுவதை விளக்கி வைத்தார். குழந்தையின் பேச்சு வளர்வதைக் காண்போருக்கு அவ்வியல் இன்றும் பயன்படும் என்பதைச் சற்றுப் பின்னர்க் காணலாம்.

பேச்சு இயற்கையாகவே முளைத்து வருவதா? செவியில் ஒரு சொல்லும் விழாமல் வளர்ந்தாலும் குழந்தை தானே பேசுமா? இந்த ஐயம் பேரரசர் அக்பருக்கும் எழுந்தது. பிறந்த குழந்தைகள் சிலவற்றைத் தனி மாளிகை ஒன்றில் வைத்து, அவற்றின் முன் ஒரு சொல்லும் பேசலாகாது என்று செவிலியருக்கு ஆணையிட்டார். சில ஆண்டுகள் கழித்து, 1582ஆம் ஆண்டில், அவர் அங்குச் சென்று பார்த்தபோது குழந்தைகளிடம் எம்மொழியும் இல்லை. ஊமையரின் ஓசையே இருந்தது. அம்மாளிகைக்கு ஊமை மாளிகை என்றே பெயர் நிலைத்தது. இத்தகைய கொடிய சோதனையை இனி எவரும் செய்தலாகாது. ஆயினும் அது உணர்த்திய உண்மை பெரிது. பேசும் ஆற்றல் பிறவியிலேயே அமைந்தது. மொழியோ பிறர் தருவது. விதையில் மரம் அடங்கியிருப்பினும் நீரின்றி அது முளைப்பதில்லை அன்றோ?

அந்த நீர் குழந்தைக்குக் கிடைக்கத் தொடங்குவது பிறப்பதற்கு முன்னரே என்பது வியப்பிற்குரியது. கருவுற்ற ஏழாம் மாத அளவில் குழந்தையின் செவி ஒலிகளை ஏற்கத் தொடங்கிவிடுகிறது. தாயின் குரல், சொல் தெளிவாக இராவிட்டாலும், தன் ஏற்ற இறக்கத்தோடு உள்ளே சென்று சேர்கிறது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், பிறந்து மூன்று நாள்கூட நிறையாத குழந்தைகளின் வாயில் வெற்று ரப்பர்க் காம்பை வைத்தனர். ஒருவகையாகச் சுவைத்தால் தாயின் குரலும், வேறுவகையாகச் சுவைத்தால் மற்றொரு பெண்ணின் குரலும் கேட்கும்படி கருவியை அமைத்தனர். குழந்தைகள் தாயின் குரலைக் கேட்கும் வகையிலேயே மிகுதியும் சுவைத்தன. கண் தெளிவாகக் காணுமுன்னரே செவி தன் தாயை அறிந்துகொண்டு விடுகிறது.

அச்செவியின் நுண்மை நம் செவியின் நுண்மையைவிட மிகுதி. ‘பத்து’ என்பதும் ‘பட்டு’ என்பதும் வேறு சொற்கள் என்று நாம் தடையின்றி அறிகிறோம். நாவின் நுனி பல்லைத் தொடுவதும், மேல் வளைந்து அண்ணத்தைத் தொடுவதும் ஆகிய வேறுபாடே அது. ஆங்கிலம் மட்டும் பேசுவோரின் செவிக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே கேட்கின்றன. ஆனால் ஆங்கிலம் பேசுவோரின் குழந்தைகள்? 1984ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளரான ஜேனட் வெர்க்கரும் அவருடைய துணைவரும், தகரத்தையும் டகரத்தையும் ஒத்த இந்தி ஒலிகளைக் குழந்தைகளுக்குக் கேட்பித்தனர். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அவ்வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்துப் பன்னிரண்டு மாதக் குழந்தைகளிடம் அத்திறன் பெரும்பாலும் மறைந்துவிட்டது. எனவே, குழந்தை எல்லா மொழிக்கும் உரியதாகப் பிறக்கிறது. ஓராண்டு நிறைவதற்குள் தன் வீட்டு மொழிக்கு உரியதாக ஆகிவிடுகிறது. தன்னைச் சூழ்ந்தோர் வேறுபடுத்தும் ஒலிகளை இறுகப் பற்றுகிறது. அவர்கள் பொருட்படுத்தாத வேறுபாடுகளைக் கைவிடுகிறது.

ஒலிகளை அறிந்தால் மட்டும் போதாது. அவற்றுள் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறிதல் வேண்டும். எழுத்தில் நாம் இடம்விட்டு எழுதுகிறோம். பேச்சில் அத்தகைய இடைவெளி இல்லை. ‘அம்மா வா’, ‘அம்மா பார்’, ‘அம்மா இதோ’ என்று பலமுறை கேட்கும் குழந்தை, ‘அம்’ என்பதை அடுத்து ‘மா’ தவறாமல் வருவதையும், ‘மா’ என்பதை அடுத்து வருவது ஒவ்வொரு முறையும் மாறுவதையும் தன்னை அறியாமலே கணக்கிட்டுக்கொள்கிறது. எட்டு மாதக் குழந்தைகள் பொருளற்ற அசைகளின் தொடரை இரண்டே நிமிடங்கள் கேட்டு, அதிலுள்ள சொல்லெல்லைகளைப் பிரித்தறிந்தன என்பதை 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஒன்றும் அறியாதது என்று நாம் கருதும் தொட்டிற் குழந்தை இத்தனை கணக்கும் போடுகிறது.

இனி, வாயின் வளர்ச்சியைப் பார்ப்போம். முதலில் அழுகை மட்டுமே உண்டு. இரண்டு மூன்று மாதங்களில் ‘ஙா’, ‘ஊ’ என்று தொண்டையிலிருந்து எழும் இன்ப ஓசைகள் தோன்றுகின்றன. ஆறேழு மாதங்களில் ‘பாபாபா’, ‘மாமாமா’, ‘தாதாதா’ என்று அசைகள் அடுக்கி வருகின்றன. இதழ் இரண்டும் கூடினால் பகரமும் மகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியம் கூறும். இதழைக் கூட்டுவது பால் குடிக்கும் குழந்தைக்கு எளிதில் கைவந்த தொழில். வாயை அகலத் திறந்தால் பிறப்பது ஆகாரம். இவ்விரண்டையும் சேர்த்தால் மாவும் பாவும் கிடைக்கின்றன. அவற்றையே நாம் அம்மா என்றும் அப்பா என்றும் உறவுப்பெயராக ஏற்றுக்கொண்டோம். உலகின் மொழிகள் பலவற்றிலும் தாய் தந்தையர் பெயர்கள் இவ்வொலிகளைக் கொண்டிருப்பதற்குக் காரணமும் இதுவே என்று மொழிநூல் அறிஞர் ரோமான் யாக்கப்சன் விளக்கினார்.

எளிய ஒலி முன்னே வரும். அரிய ஒலி பின்னே வரும். அண்ணத்தின் பின்புறம் பிறக்கும் ககரத்திற்கு மாறாகக் குழந்தை தகரத்தைச் சொல்வதுண்டு. ‘தக்காளி’ ‘தத்தாளி’ ஆகும். மரத்தில் அமர்ந்த காக்கை ‘தாத்தா’ ஆகிவிடும். வீட்டிலிருக்கும் தாத்தாவும் அதைக் கேட்டு மகிழ்வார். ‘வண்டி’ ‘வந்தி’ ஆவதும், ‘மரம்’ ‘மயம்’ ஆவதும் இவ்வாறே. நாநுனி மேலெழுந்து அண்ணத்தை வருட வேண்டிய ரகரமும் ழகரமும் எல்லாவற்றிற்கும் பின்னரே கைகூடும். இவை பிழைகள் அல்ல, படிகள். குழந்தையின் செவி சரியாகவே கேட்டிருக்கிறது. நாம் வேண்டுமென்றே ‘தத்தாளி’ என்று சொன்னால், சில குழந்தைகள் அவ்வாறு சொல்லலாகாது என்று நம்மைத் திருத்த முற்படும். ஆதலால் குழந்தை தவறாகச் சொல்லும்போது அதனை நகையாடவும் வேண்டா, அதட்டித் திருத்தவும் வேண்டா. ‘ஆம், தக்காளி, சிவப்புத் தக்காளி’ என்று சரியான வடிவத்தை அன்போடு திருப்பிச் சொன்னால் போதும்.

ஓராண்டு நிறைவை ஒட்டி முதற்சொல் பிறக்கிறது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே குழந்தை பல சொற்களின் பொருளை உணர்ந்துவிடுகிறது. ‘விளக்கு எங்கே?’ என்றால் அண்ணாந்து பார்க்கிறது. வேண்டியதைச் சுட்டுவிரலால் காட்டுகிறது. சுட்டுவிரலை நீட்டுதல் பேச்சின் தலைவாயில் என்றே கூறலாம். ‘நான் காண்பதை நீயும் காண்பாயாக’ என்று ஓர் உயிர் மற்றோர் உயிரை அழைக்கும் செயல் அது. முதலில் ஒரு சொல்லே ஒரு வாக்கியத்தின் வேலையைச் செய்கிறது. ‘பால்’ என்றால் பால் வேண்டும் என்றும், பால் சிந்திவிட்டது என்றும், அதோ பூனை பாலைக் குடிக்கிறது என்றும் பொருள்படும். நாலுகால் உயிர்கள் யாவும் சில நாள்களுக்கு ‘மாடு’ ஆகின்றன. இரண்டாம் ஆண்டின் நடுவிலிருந்து சொற்கள் விரைந்து பெருகுகின்றன. இரண்டு வயது நிறையும் அளவில் ‘அப்பா வா’, ‘பாப்பாவுக்குப் பால்’ என்று சொல்லோடு சொல் சேர்கிறது.

சொல்லோடு சொல் சேர்ந்த அன்றே இலக்கணம் பிறந்துவிட்டது. குழந்தை கேட்டதைக் கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொல்கிறது என்று கருதுவது பொருந்தாது. 1958ஆம் ஆண்டில் ஜீன் பெர்க்கோ என்னும் அம்மையார், ஒருவரும் கேட்டிராத ஒரு பொய்ப்பெயரை ஒரு பறவைப் படத்திற்கு இட்டு, அப்பறவை இரண்டானால் என்னவென்று சொல்வாய் என்று குழந்தைகளைக் கேட்டார். ஒருபோதும் கேட்டிராத அச்சொல்லுக்கும் குழந்தைகள் பன்மை விகுதியைச் சேர்த்துச் சொல்லின. நம் வீட்டிலும் இதனைச் செய்து பார்க்கலாம். ஒரு புதிய பொம்மைக்குத் ‘தொப்பிலி’ என்று பெயரிட்டு, மூன்று வயதுக் குழந்தையின் கையில் கொடுங்கள். ‘தொப்பிலிக்குப் பசிக்கிறது, தொப்பிலியைத் தூங்க வை’ என்று குழந்தை தானே உருபுகளை ஏற்றிப் பேசும். விதியை அது யாரிடமும் பாடமாகக் கேட்கவில்லை; கேட்ட பேச்சிலிருந்து தானே வடித்தெடுத்துக்கொண்டது.

நேயர்களே, இத்தனையும் தானே நிகழ்வதாயின் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இங்குத்தான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரிசியா கூல் என்பவரும் குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீனமொழி பேசுவோர் பன்னிரண்டு முறை அமர்ந்து கதை படித்தும் விளையாடியும் பேசினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தக் கற்றுக்கொண்டன. வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சு படக்காட்சியாகக் காட்டப்பட்டது. மற்றும் சிலவற்றுக்கு ஒலி மட்டும் கேட்பிக்கப்பட்டது. இவ்விரு வகையினரும் ஒன்றும் கற்கவில்லை. பேசுவோர் அவரே, சொற்கள் அவையே. ஆனால் குழந்தை சிரித்தபோது சிரிக்கவும், சுட்டியபோது நோக்கவும் எதிரே ஒருவர் இல்லை.

வானொலியில் பேசிக்கொண்டு இதனைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆயினும் சொல்லியே ஆக வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் செல்பேசியும் குழந்தைக்குப் பேச்சைக் கற்பிக்க மாட்டா. அவை பேசும், ஆனால் கேட்கமாட்டா. சோறு ஊட்டும்போது செல்பேசியைக் கையில் கொடுத்தால் குழந்தை அடங்கியிருக்கிறது என்பது உண்மை. அந்த அடக்கத்திலேதான் இழப்பும் இருக்கிறது. நிலவைக் காட்டிச் சோறூட்டிய தாய், ஒரு கவளத்திற்கு ஒரு பேச்சு என்று பேசினாள். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரைக்காட்சி கூடாது என்றும், இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை மிகலாகாது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

நம் வீடுகளில் வழங்கிய விளையாட்டுகளே சிறந்த மொழிப்பள்ளிகளாக இருந்தன. குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்தோறும் உறவினருக்குப் பங்கிட்டு, பின் நண்டு ஊர்வதுபோல் விரல்களைக் கையின்மேல் ஊரவிட்டு, அக்குளில் கூச்சங்காட்டும் விளையாட்டை அறியாதார் யார்? அதில் முகம் முகத்தை நோக்குகிறது. ஒரே சொற்கள் ஒரே வரிசையில் வருகின்றன. அடுத்து வருவதைக் குழந்தை முன்னரே எதிர்பார்த்துச் சிரிக்கிறது. உரையாடலின் முறை மாற்றம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. ‘இங்கா’, ‘மம்மு’ என்று குரலை உயர்த்தி இழுத்துப் பேசும் பாட்டியின் பேச்சும் வீணன்று. அத்தகைய பேச்சைக் குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றன என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

மற்றொன்றும் கூற வேண்டும். பள்ளியில் ஆங்கிலம் எளிதாக வரட்டும் என்று எண்ணி, தமக்குத் தடையின்றி வாராத ஆங்கிலத்தில் குழந்தையோடு பேசும் பெற்றோர் பலர் இருக்கின்றனர். இரண்டு மொழிகளைக் கற்பது குழந்தைக்குச் சுமையன்று. இரு மொழியும் இயல்பாக வழங்கும் வீட்டில் அது இரண்டையும் கற்றுக்கொள்ளும். ஆனால் பெற்றோருக்குக் கதையும் கேலியும் கொஞ்சலும் எம்மொழியில் பெருக்கெடுக்குமோ, அம்மொழியே குழந்தைக்கு ஊட்டம் தரும். ‘வா, போ, உட்கார், தொடாதே’ என்னும் அளவில் நின்றுவிடும் மொழி எதுவாயினும் அது அரைவயிற்று உணவே.

இறுதியாக, எல்லாவற்றினும் முதன்மையான ஒன்று. குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து, திருச்செந்தூரில் முருகனருளால் வாய்திறந்து பாடினார் என்பது வழிவழி வரும் வரலாறு. பின்னாளில் அவரே மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடினார். அவ்வரலாறு பல பெற்றோருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. நம்பிக்கை நல்லது, ஆனால் ஐந்து வயதுவரை காத்திருத்தல் நல்லதன்று. ‘ஆண்பிள்ளை, மெல்லத்தான் பேசும்’, ‘இவன் அப்பனும் அப்படித்தான்’ என்று பெரியோர் சொல்வர். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர்பெற்ற வசம்பை நாவில் தடவுவர். பேச்சு வாராமைக்குக் காரணம் பெரும்பாலும் நாவில் இல்லை. பல குழந்தைகளுக்கு அது செவியில் இருக்கிறது. சிலருக்கு மூளையின் வளர்ச்சியில் இருக்கிறது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு கடுமையான செவிக்குறையோடு பிறக்கின்றன. நெருங்கிய உறவில் மணம் புரிந்தோரின் குழந்தைகளுக்கு அந்த இடர் மிகுதி.

செவிக்குறை கண்ணுக்குப் புலப்படாது. செவி கேளாத குழந்தையும் தொடக்கத்தில் ‘ஙா’ என்று ஓசை எழுப்பும்; சிரிக்கும்; கதவு அறைந்தால் அதிர்வை உணர்ந்து திடுக்கிடும். அதனால் பெற்றோர் ஏமாறுவர். ஆறேழு மாதத்தில் அழைக்கும் திசையில் திரும்பாமை, ஓராண்டில் அசைகளை அடுக்கிப் பேசாமை, விரல் நீட்டிக் காட்டாமை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, எந்த வயதிலாயினும் வந்த பேச்சு மறைந்து போதல்: இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் நாளைக்கு என்று தள்ளலாகாது. உறங்கும் குழந்தையின் செவியில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் கேள்வியை அளந்தறியலாம். வலி சிறிதும் இல்லை. பிறந்த ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் உதவி என்பது மருத்துவர் வகுத்துள்ள நெறி. ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்ட குழந்தைகள், பின்னர்க் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னேறியிருந்தனர் என்று 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

உதவிக்கு வழியும் இருக்கிறது. 1965ஆம் ஆண்டில் மைசூரில் தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் இத்துறை வல்லுநர் பலரை உருவாக்கியிருக்கிறது. 2013ஆம் ஆண்டில் நடுவணரசு தொடங்கிய குழந்தைகள் நலத்திட்டத்தில் செவிக்குறையும் சேர்க்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை மருத்துவம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் செய்யப்படுகிறது. கருவி பொருத்தியவுடன் பேச்சு வந்துவிடாது. அன்றிலிருந்தே குழந்தை கேட்கப் பழகுகிறது. அதன்பின் தாயும் தந்தையும் பேசிப் பேசிப் பழக்க வேண்டும். வாய்ப்பேச்சு இயலாத குழந்தைக்குச் சைகைமொழி உண்டு. அதுவும் இலக்கணம் நிறைந்த முழுமையான மொழியே. சைகை பேசும் பெற்றோரிடம் வளரும் செவி கேளாத குழந்தைகள், தம் கைகளாலேயே மழலை பேசுகின்றன. எவ்வாயிலாயினும் ஆகுக, மொழி உரிய காலத்தில் குழந்தையைச் சென்று சேர வேண்டும் என்பதே கருத்து.

தாய்மார்களே, தந்தையரே, குழந்தையோடு பேசுவதற்குக் கல்வி வேண்டா; பொருட்செலவும் வேண்டா. குளிப்பாட்டும்போதும், கீரை ஆயும்போதும், கடைக்குத் தூக்கிச் செல்லும்போதும், கண்ணிற் படுவதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சற்றே நில்லுங்கள். அந்த இடைவெளியில் குழந்தை ‘ஙா’ என்று ஒரு விடை கூறும். அவ்விடைக்கு மறுமொழி கூறுங்கள். குழந்தை விடை கூறாமலே இருக்குமாயின், அண்டை வீட்டாரின் ஆறுதலோடு நில்லாது மருத்துவரிடம் செல்லுங்கள். இவ்விரண்டையும் செய்தாலே குழந்தைக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமையில் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.